வெறுமை என்னும் அபவாதம்



நவீன இலக்கியத்திலும் தத்துவத்திலும் பாலைவனம் எவ்வாறு ஒரு குறியீடாக நின்று பொருள் தருகிறது என்பதைப் பற்றிப் பேசவேண்டும் என்று இம்மன்றத்தின் செயலாளர் என்னைக் கேட்டபோது, சஹாராவையோ அரேபியாவின் மணற்கடலையோ கண்ணாற் கண்டிராத ஒருவன் இதனைப் பேசப் புகுவது தகுமா என்ற தயக்கம் எனக்கு உண்டாயிற்று. ஆனால், பாலைவனத்தை ஐரோப்பியத் தத்துவத்தின் நடுமண்டபத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய ஜெர்மானிய ஞானியாகிய நீட்சே, ஸ்விட்சர்லாந்தின் மலைச் சாரல்களிலும் இத்தாலியின் கடற்கரை ஊர்களிலும் தம் நாட்களைக் கழித்தாரே அல்லாமல், எந்தப் பாலைவனத்திலும் ஒரு பொழுதேனும் கால் பதித்தவரல்லர் என்பது நினைவுக்கு வந்தது; வந்த மாத்திரத்தில் தயக்கம் நீங்கிற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆயினும் இதனை நான் வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் வாதத்தின் முதல் நுனியே இதுதான். நூற்றைம்பது ஆண்டுகளாக மேலைநாட்டு ஆசிரியர்கள் எழுதிவந்த பாலைவனம், பெரும்பாலும், பார்க்கப்பட்ட நிலமன்று, நினைக்கப்பட்ட நிலம். தன் உள்ளத்தில் ஒரு சூன்யத்தை உணர்ந்த மனிதன், அந்தச் சூன்யத்துக்கு ஓர் உருவம் தேடி, தேசப்படத்தில் பெயர்கள் குறைவாக எழுதப்பட்டிருந்த ஒரு பகுதியைச் சுட்டி, இதோ என் உள்ளம் என்று சொல்லிக்கொண்டான். சொன்னவர்கள் மகாகவிகளாகவும் மகா ஞானிகளாகவும் இருந்தபடியால் அது நிலைத்துவிட்டது.

இது நமக்கு முற்றிலும் புதிய செய்தியன்று. முல்லைக்கு மாயோனையும் குறிஞ்சிக்குச் சேயோனையும் மருதத்துக்கு வேந்தனையும் நெய்தலுக்கு வருணனையும் தெய்வமாக வகுத்துச் சொன்ன தொல்காப்பியர், பாலைக்குத் தெய்வமும் சொல்லவில்லை. தனி நிலமும் ஒதுக்கவில்லை. ஆனாலும் பிரிவு என்னும் பெருந்துயரத்தை அதற்கு உரிமையாக்கி, வேனிலையும் நண்பகலையும் அதற்குப் பொழுதாக்கினார். இளங்கோவடிகளோ, காடுகாண் காதையிலே, முல்லையும் குறிஞ்சியும் கோடையின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற கருத்தை வைத்துப்போனார். பெரும் மணற்பாலைவனம் ஒன்றும் இல்லாத நாட்டிலே இருந்துகொண்டு பாலையை ஒரு மனநிலையாக ஆக்கிய நம் முன்னோர்க்கு, அது எங்கோ தொலைவில் பிறவியிலேயே பாழாய்க் கிடக்கும் ஓர் இடமாகத் தோன்றவில்லை. நல்ல நிலம் கெடுகிறபோது அடையும் கதியாகத் தோன்றியது. இந்தக் கருத்தை இப்பொழுது ஒரு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு வேண்டியிருக்கும்.

நீட்சேயிடம் வருகிறேன். 1883-இல் வெளிவந்த, ஜரதுஷ்டிரன் பேசுவதாக அமைந்த அவருடைய நூலின் முதற் பாகத்தில், மனித ஆன்மா அடையும் மூன்று உருமாற்றங்களைப் பற்றிய ஒரு பிரசங்கம் இருக்கிறது. முதலில் ஆன்மா ஒட்டகமாகிறது. மரபும் கடமையும் பணிவும் ஏற்றிவைக்கும் சுமைகளையெல்லாம் மண்டியிட்டு வாங்கிக்கொண்டு, சுமப்பதிலேயே பெருமை கொண்டு, பாலைவனத்தை நோக்கி விரைகிறது. அங்கே, ஏகாந்தத்தின் எல்லையிலே, ஒட்டகம் சிங்கமாகிறது. ஒவ்வொரு பொற்செதிலிலும் ஒரு விதி மின்னிக்கொண்டிருக்கும் பெரும் பறவைநாகத்தை எதிர்த்து நின்று, மாட்டேன் என்று சொல்லும் உரிமையைச் சம்பாதிக்கிறது. பிறகு சிங்கம் குழந்தையாகிறது. ஏனெனில், மறுக்கமட்டும் தெரிந்த சிங்கத்தால் புதிதாக எதையும் சிருஷ்டிக்க இயலாது. இந்த நாடகம் காட்டிலோ மலையிலோ நிகழாமல் பாலைவனத்தில் நிகழ்வானேன்? எகிப்து தேசத்தின் பாலைவனங்களுக்கு 3-ஆம், 4-ஆம் நூற்றாண்டுகளில் சென்ற அந்தோணியார் முதலிய கிறிஸ்தவத் துறவிகள் ஆண்டவனைத் தேடிச் சென்றார்கள்; அவர்கள் நடந்த அதே மணலின்மீது, ஆண்டவனை விட்டு விலகுவதற்காகத் தம் ஒட்டகத்தை நடத்திச் சென்றார் நீட்சே. மதகுருவின் மகனாகப் பிறந்தவர் அவர். பழைய ஆலயத்தின் தூணைப் பிடித்துக்கொண்டே அதனை இடித்தவர் என்று அவரைச் சொல்வது தகும்.

அதே நூலின் நான்காம் பாகத்தில் வரும் ஒரு விசித்திரமான பாடலில், பாலைவனம் பரவிக்கொண்டே வருகிறது என்ற எச்சரிக்கையை வைத்து, அதன் இருப்பிடம் மனிதனின் அகமே என்ற குறிப்பையும் அவர் விட்டுச் சென்றார். அதன் பின் வந்தவர்கள் பலருக்கும் அந்தப் பாடலே வித்தாயிற்று.

எலியட்டின் பாழ்நிலக் கவிதையைப் பற்றி இந்த மன்றத்தில் பலமுறை பேசியாயிற்று என்று அறிவேன். ஆகையால் விரைந்து கடக்கிறேன். 1922-இல் அது வெளிவந்தபோது முதல் உலக யுத்தம் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. பாறையும் மணலும் தாகமும் நிறைந்த அக்கவிதையின் பாலைவனம் உண்மையில் லண்டன் மாநகரம். பாலத்தின்மேல் அலுவலகத்துக்குப் போகும் ஜனத்திரளே அதன் மணல். மழைக்குரிய இடியோசையைத் தேடி அக்கவி பிருஹதாரண்யக உபநிஷதம் வரை வந்து, வற்றிப்போன கங்கையையும் இமயத்தையும் கண்டு சென்றார் என்பது நமக்குப் பெருமையளிக்கலாம். ஆனால் அவர் பாலைவனத்துக்குப் போகவில்லை, தம் ஊரைப் பாலைவனமாகக் கண்டார் என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

இத்தாலிய நாவலாசிரியர் தீனோ புத்சாத்தியும் அப்படித்தான். தார்த்தாரியர்களின் பாலைவனம் என்று பொருள்படும் தலைப்போடு 1940-இல் வெளிவந்த அவருடைய நாவலில், திரோகோ என்னும் இளம் படைவீரன், எல்லைப்புறத்துப் பாலைவனத்தைப் பார்த்த ஒரு கோட்டையில் பணியேற்று, என்றோ ஒருநாள் அந்த வெறுவெளியிலிருந்து பகைவர் வருவார்கள், அன்று தன் வாழ்வுக்குப் பொருள் கிடைக்கும் என்று காத்திருந்து காத்திருந்து கிழவனாகி, பகைவர் மெய்யாகவே வந்த நாளில் நோயாளி என்று வண்டியிலேற்றி அனுப்பப்படுகிறான். இந்தக் கருத்து ஆசிரியருக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? மிலான் நகரத்துப் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் அவர் இரவுப்பணி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரே மாதிரியாகக் கழிந்துகொண்டிருந்த அந்த இரவுகளில். பத்திரிகைத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் இருவர் முன்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் காண்கிறேன்.

ஆல்பெர் காம்யுவோ அல்ஜீரியாவில், 1913-இல், ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சஹாரா அவருக்கு வீட்டின் கொல்லைப்புறம் என்று சொல்லத்தக்க தூரத்தில் இருந்தது. அவர் ஏறக்குறைய இருபத்தைந்து வயதில் வெளியிட்ட ஒரு கட்டுரைத் தொகுதியில் பாலைவனம் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை உண்டு. ஆவலோடு அதைத் திறப்பவன் அதில் காண்பது இத்தாலியின் தஸ்கனி மாகாணத்தை. பிளாரென்ஸ் நகரத்தின் தோட்டங்களை. பழைய ஓவியர்களின் சுவர்ச்சித்திரங்களை! மறுமையின் நம்பிக்கையைக் களைந்துவிட்டு, கண்முன் உள்ள அழகை நம்பிக்கையில்லாமலே நேசிக்கத் தெரிந்த தெளிவான மனநிலைக்கு அவர் வைத்த பெயர் அது. இந்தத் துணிச்சலை நான் ரசிக்கிறேன். ஆனால், கொல்லையிலே பாலைவனத்தை வைத்துக்கொண்டு பிளாரென்ஸிலே போய் அதைக் கண்டவரை எண்ணும்போது, என் வாதம் வலுப்படுவதையும் கவனியாமல் இருக்க முடியவில்லை.

பிற்காலத்தில் அவர் மெய்யான பாலைவனத்துக்கும் வந்தார். 1957-இல் வெளியான சிறுகதைத் தொகுதியின் முதற் கதையில், துணி வியாபாரியான கணவனோடு தெற்கே ஒரு பாலைவனச் சோலையூருக்கு வந்த ழானின் என்னும் பெண், கோட்டையின் மேல்தளத்தில் ஏறி நின்று, தொலைவில் புள்ளிகளாகத் தெரியும் நாடோடிகளின் கருங்கூடாரங்களைப் பார்க்கிறாள். ஒன்றும் இல்லாதவர்களாயினும் ஒருவருக்கும் அடிமையாகாத அம்மக்களின் சுதந்திரம், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தான் நடத்திவந்த இல்வாழ்க்கையின் இறுக்கத்தை அவளுக்குக் காட்டிவிடுகிறது. அன்றிரவு, உறங்கும் கணவனை விட்டு எழுந்து, குளிரில் தனியே அக்கோட்டைக்கு ஓடி, சுழலும் நட்சத்திரங்களின் கீழே தன்னை முழுதும் ஒப்புக்கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அழுகிறாள். இவ்வளவுதான் கதை, இவ்வளவிலே ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதும் அடங்கியிருக்கிறது. நான் படித்த சிறுகதைகளுள் மிகச் சிறந்தவற்றில் இதனையும் வைப்பேன். வைத்துக்கொண்டே ஒன்று கேட்பேன்: அந்தக் கருங்கூடாரங்களில் இருந்தவர்கள் யார்? அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? அந்த நாட்டில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் தொகுதியாக வெளிவந்த கதையில், அம்மண்ணுக்குரியவர்கள் தொலைவிலே புள்ளிகளாக நிற்பதோடு சரி. ழானினின் ஆத்ம தரிசனத்துக்குத் திரைச்சீலையாக இருப்பதே அவர்களுடைய வேலை.

இவர்களில் ஒருவர் மாத்திரம் சற்று வேறுபட்டவர். குட்டி இளவரசன் என்னும் சிறு நூலைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே இருப்பார்கள். அதன் ஆசிரியர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி ஒரு விமானி. 1927-இல் தொடங்கி, மேற்குச் சஹாராவின் ஓரத்தில், கேப் ஜூபி என்னும் இடத்தில், கடலுக்கும் மணலுக்கும் நடுவே தபால் விமான நிலையத்தின் அதிகாரியாக இருந்தவர். 1935-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், பாரிஸிலிருந்து சைகோன் வரை பறக்கும் சாதனை ஒன்றை முயன்றபோது, அவருடைய விமானம் இரவில் லிபியப் பாலைவனத்தின் மணலில் மோதி உடைந்தது. அவரும் அவருடைய இயந்திர நிபுணர் பிரெவோவும் உயிர்தப்பினார்கள். ஆனால் குடிநீர்க் கலம் உடைந்துபோய், கைவசம் இருந்தவை சிறிது காப்பியும் சிறிது மதுவும் ஓர் ஆரஞ்சுப் பழமும் போன்ற அற்பப் பொருள்களே. நாட்கணக்கில் நடந்து, கானல்நீரைக் கண்டு ஏமாந்து, நாக்கு உலர்ந்து மரணத்தின் வாசலுக்கே வந்துவிட்ட அவர்களை ஒட்டகத்தின்மேல் வந்த ஒரு பெதுயின் நாடோடி கண்டு, நீர் கொடுத்துக் காப்பாற்றினான். அந்த மனிதனின் முகம் தமக்கு நினைவில் நில்லாமற் போகும் என்றும், அவன் எல்லா மனிதர்களுமாகவே தமக்குத் தோன்றினான் என்றும் 1939-இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார்.

ஆனால், அந்த நூலில் என் உள்ளத்தைப் பிணித்த பகுதி மீட்பைப் பற்றியதன்று. அதற்கு முன்னர் வரும் நரியைப் பற்றியது. தாகத்தோடு தள்ளாடி நடந்த நிலையிலும் அவர் மணலில் ஒரு சிறு பாலைவன நரியின் கால்தடத்தைக் கண்டு அதைத் தொடர்கிறார். அங்கங்கே முளைத்திருந்த குத்துச்செடிகளில் ஒட்டியிருந்த பொன்னிற நத்தைகளே அந்த நரியின் ஆகாரம். அது எல்லாச் செடியிலும் நின்று உண்பதில்லை; உண்ட செடியிலும் சிலவற்றையே தின்றுவிட்டு, மற்றவற்றை விட்டு அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. ஒரே செடியில் வயிறார உண்டால் இரண்டு மூன்று வேளைகளில் அச்செடியில் நத்தையே இராது. நத்தை அற்றால் நரியும் அறும். சாகக் கிடக்கும் மனிதன் ஒருவன், தன் சாவை மறந்து, ஒரு சிறு பிராணியின் தர்மத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான்! வெறுமை என்று உலகம் சொன்ன இடத்திலே ஒரு குடித்தனம் நடந்துகொண்டிருப்பதை அவன் கண்டுகொண்டான். குட்டி இளவரசனுக்கு உறவின் பொருளைக் கற்பித்த நரி இதற்குச் சுற்றமாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பெரியோர்களே, அர்ஜெண்டீன நாட்டுப் போர்ஹெஸ் எழுதிய ஒரு சின்னஞ்சிறு கதையைச் சொல்லி அடுத்த பகுதிக்குப் போகிறேன். பாபிலோன் அரசன் சிற்பிகளைக் கொண்டு ஒரு வெண்கலப் புதிர்வழி மாளிகையைக் கட்டி, விருந்தாக வந்த அரபு அரசனை அதில் விட்டுத் திண்டாடவைத்து அவமதிக்கிறான். பிறகு அரபு அரசன் படையெடுத்து வந்து, அவனை வென்று, ஒட்டகத்தில் கட்டி மூன்று நாள் பயணம் அழைத்துப்போய், படிக்கட்டும் கதவும் சுவரும் இல்லாத தன் புதிர்வழி இதுவென்று பாலைவனத்தின் நடுவே அவிழ்த்துவிடுகிறான். பாபிலோன் அரசன் பசியாலும் தாகத்தாலும் மாய்கிறான். இந்தக் கதையை முடிவிலியின் குறியீடாக, இறைவனின் சிருஷ்டியாக, விமர்சகர்கள் விளக்குவார்கள், அது சரியே. ஆனால், அவனை அங்கே விட்ட அரபு அரசன் அதே மணலின் வழியாகத் தன் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கவேண்டும் அல்லவா? ஒருவனுக்கு மரணமாயிருந்த வெளி மற்றொருவனுக்கு ஊருக்குப் போகும் பாதை.

இலக்கியத்தில் ஒரு நிலத்தை வெறுமை என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் உண்டு. 1945-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் உலகத்தின் முதல் அணுகுண்டை அமெரிக்கா வெடித்துப் பார்த்தது நியூ மெக்ஸிகோவின் பாலைவனத்தில். பிரான்சு தேசம் 1960 பிப்ரவரி 13-இல் தன் முதல் குண்டை வெடித்தது அல்ஜீரிய சஹாராவில், ரெக்கான் என்னும் சோலையூருக்குத் தெற்கே. சீனம் 1964 அக்டோபர் 16-இல் வெடித்தது லோப் நோர் பாலைவனப் பகுதியில். நம் பாரதம் 1974 மே 18-இல் வெடித்தது தார்ப் பாலைவனத்தின் பொக்ரானில். உலகத்துப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்தவற்றுள் தாரும் ஒன்று என்பதை நாம் அறிந்தேயிருந்தோம். பிரெஞ்சுக்காரர் 1966 வரை, அல்ஜீரியா விடுதலை பெற்ற பின்னரும்கூட, அந்த சஹாராவில் மொத்தம் 17 சோதனைகள் நடத்தினார்கள். அவர்களுடைய முதல் குண்டுக்கு வைத்த பெயர் இன்னும் கொடியது: மணலில் தாவித் திரியும் ஜெர்போவா என்னும் சிறிய எலி இனத்தின் பெயரை, நீலம் என்ற அடைமொழியோடு சேர்த்து வைத்தார்கள். அங்கே உயிர் வாழ்கிறது என்பதை அறிந்தே அந்த உயிரின் பெயரைச் சூட்டி, வெறுமை என்று சொல்லி வெடித்தார்கள். இதற்குக் கவிஞர்கள் பொறுப்பாளிகள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால், ஒரு நிலத்தில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் படித்தவர் மனத்தில் பழகிப்போயிருந்தது, ஆட்சியாளர்க்கு வசதியாயிற்று என்று சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை.

அந்த மண்ணிலே பிறந்தவர்கள் தாமே பேனா எடுத்தபோது என்ன எழுதினார்கள்? அப்துர்ரஹ்மான் முனீஃப் எண்ணெய்ப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, அத்துறையிலேயே பணியாற்றி, அதன் உள்விவகாரம் அறிந்தவர். அரசியல் கருத்துகளுக்காக 1963-இல் சவூதிக் குடியுரிமையை இழந்தவர். உப்பு நகரங்கள் என்று பொருள்படும் ஐந்து பாக நாவலின் முதற் பாகம் 1984-இல் வெளிவந்தது. சவூதியில் அது தடை செய்யப்பட்டது. நாவல் தொடங்குவதே, கடுமையான பாலைவனத்தின் நடுவில் திடீரென்று பசுமையாய்த் தோன்றும் வாதி அல்-உயூன் என்னும் சோலையூரில். அங்கே அந்நியர்கள் சிலர் வருகிறார்கள். தண்ணீர் தேடுவதாகச் சொல்கிறார்கள். பிறகு இயந்திரங்கள் வந்து, பேரீச்ச மரங்களை வேரோடு சாய்க்கின்றன. மித்அப் அல்-ஹத்தால் என்னும் குடியானவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒட்டகத்தின்மேல் ஏறிக் கண்காணாமல் போய்விடுகிறான்; பிறகு வரும் பக்கங்களில் எல்லாம் அவன் ஓர் அச்சமாகவும் நம்பிக்கையாகவும் மக்கள் பேச்சில் மட்டும் திரிகிறான். இங்கே பாழ் என்பது பாலைவனமன்று. பாலைவனத்தை அழித்து அதன்மேல் கட்டிய நகரம். இளங்கோவடிகள் இதனைப் படித்திருந்தால், திரிந்த நிலம் எது என்று கண நேரத்தில் கண்டுகொண்டிருப்பார்.

லிபியாவில், 1948-இல், துவாரெக் நாடோடிக் குலத்தில் பிறந்த இப்ராஹீம் அல்-கூனி, அரபு எழுத்தையே பன்னிரண்டாம் வயதில்தான் கற்றுக்கொண்டவர். மாஸ்கோவின் கார்க்கி இலக்கியக் கல்லூரியில் பயின்று, பல ஆண்டுகள் ஸ்விட்சர்லாந்தில் வாழ்ந்து, அங்கிருந்தும் தம் பாலைவனத்தை நாவல் நாவலாக எழுதினார். நீட்சே எந்த மலைகளில் இருந்துகொண்டு பாலைவனத்தைக் கற்பித்தாரோ, அந்த மலைநாட்டிலேயே இருந்துகொண்டு இவர் அதனை நினைவுகூர்ந்தார் என்பது சரித்திரத்தின் ஒரு விளையாட்டு. 1990-இல் வெளிவந்த கல்லின் குருதிப் பெருக்கு என்னும் நாவலில், ஆசூஃப் என்னும் தனித்த ஆட்டிடையன், பழங்காலப் பாறை ஓவியங்கள் நிறைந்த பள்ளத்தாக்கிலே வாழ்கிறான். வத்தான் என்னும் காட்டுச் செம்மறியாடு அவனுக்கு வெறும் விலங்கன்று. தன் தந்தையின் ஆவி உறையும் உறவு. அவனிடம் காபீல் என்னும் வேட்டைக்காரன் வருகிறான். ஆதாமின் மகனுடைய பெயரை ஆசிரியர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார். மோட்டார் வண்டிகளில் விரட்டி மான்களையெல்லாம் தின்று தீர்த்துவிட்ட அவன், இறைச்சி வெறி அடங்காமல், வத்தான் இருக்குமிடத்தைக் காட்டு என்று ஆசூஃபை வதைத்து, அந்தப் பாறை ஓவியத்தின்மேலேயே அவனை அறைந்து கொல்லுகிறான். செந்த்-எக்சுபெரி கண்ட நரியை நினைத்துக்கொள்ளுங்கள். சில நத்தைகளைத் தின்று மற்றவற்றை விட்டுவிடும் அச்சிறு பிராணி அறிந்த தர்மத்தை, துப்பாக்கியும் வண்டியும் வைத்திருந்த மனிதன் அறியவில்லை. அல்-கூனியின் பாலைவனத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் உண்டு, கிணற்றுக்கு வரலாறு உண்டு, முன்னோர்க்குக் குரல் உண்டு. அங்கே வெறுமை வண்டியேறி வெளியிலிருந்து வருகிறது.

பாலஸ்தீனத்து கஸ்ஸான் கனஃபானியைச் சொல்லாமல் இருந்தால் நான் கடமை தவறியவனாவேன். சூரியனில் மனிதர்கள் என்ற பெயரில் 1963-இல் வெளிவந்த அவருடைய குறுநாவலில், நாடிழந்த மூவர், ஒரு கிழவரும் ஓர் இளைஞனும் ஒரு சிறுவனும், பஸ்ராவிலிருந்து குவைத்துக்கு வேலை தேடி, காலியான தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து ஆகஸ்ட் மாத வெயிலில் பாலைவனத்தைக் கடக்கிறார்கள். சோதனைச் சாவடிகளில் சில நிமிஷங்கள் மூச்சடக்கி இருந்தால் போதும் என்பது ஏற்பாடு. ஆனால் இரண்டாவது சாவடியில், குளிர்ந்த அறைக்குள் உட்கார்ந்திருந்த உத்தியோகஸ்தன், வண்டியோட்டியிடம் ஒரு நாட்டியக்காரியைப் பற்றிய பரிகாசப் பேச்சை வளர்த்து, கையெழுத்திடத் தாமதிக்கிறான். தொட்டியைத் திறந்தபோது மூவரும் பிணங்கள். வண்டியோட்டி அவர்களை நகரத்துக் குப்பைமேட்டருகே இட்டு, பையிலிருந்த பணத்தையும் சிறுவன் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, நீங்கள் ஏன் தொட்டியின் சுவரைத் தட்டவில்லை என்று பாலைவனம் அதிரக் கதறுகிறான். அவர்களைக் கொன்றது மணலா? வெயிலா? எல்லைக்கோடும் முத்திரைக் காகிதமும் ஓர் உத்தியோகஸ்தனின் அசட்டைச் சிரிப்பும் கொன்றன. இதனை எழுதியவர் 1972 ஜூலை 8-இல், பெய்ரூத்தில், தம் காரில் வைக்கப்பட்ட வெடிகுண்டுக்கு, 36 வயதில், சகோதரியின் மகளோடு பலியானார்.

வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு இந்தக் கதை அந்நியமாயிராது. மலையாளத்தில் பென்யாமின் 2008-இல் எழுதிய ஆடு ஜீவிதம் தமிழிலும் கிடைக்கிறது. சவூதிப் பாலைவனத்தில் ஆடுகளோடு ஆடாய் அடைபட்ட கூலியாளின் கதை அது. குறியீடு என்ற பேச்சே அதைப் படிக்கும்போது கூச்சமளிக்கும்.

தத்துவத்துக்குத் திரும்புகிறேன். பாலைவனம் பரவுகிறது என்ற நீட்சேயின் எச்சரிக்கையை, 1951, 52-ஆம் ஆண்டுகளில், சிந்தனை என்பது யாது என்ற பொருளில் பிரைபுர்க் சர்வகலாசாலையில் ஆற்றிய விரிவுரைகளில் ஹைடெகர் எடுத்துக்கொண்டார். அழித்தல் வேறு, பாழாக்குதல் வேறு என்பது அவர் விளக்கம். அழித்தல் வளர்ந்ததையும் கட்டியதையும் நீக்கும், பாழாக்குதலோ இனி எதுவும் வளரவொட்டாமல் தடுக்கும். அருமையான கருத்து. ஆயினும் 1933-இல் நாஜிக் கட்சியில் தாமே சேர்ந்து அச்சர்வகலாசாலைக்குத் தலைவராகவும் இருந்த ஒருவர், உலகம் பாழாவதைப் பற்றிப் பேசும்போது தம் கையின் மணலையும் சற்றுத் தட்டிப் பார்த்திருக்கலாம்.

அந்த வேலையை அவருடைய மாணவி செய்தார். ஹன்னா ஆரென்ட் யூதப் பெண்மணி. 1933-இல் ஜெர்மனியை விட்டு ஓடி, 1940-இல் பிரான்சின் கூர்ஸ் முகாமில் அடைபட்டு, 1941-இல் அமெரிக்கா சேர்ந்து, பல ஆண்டுகள் எந்த நாட்டுக்கும் குடியாகாமல் வாழ்ந்தவர். 1955-இல் பெர்க்லி சர்வகலாசாலையில் நடத்திய பாடத்தின் முடிவுரையாக எழுதி, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து அச்சேறிய சில பக்கங்களில், நீட்சேயைத் திருத்துகிறார்: பாலைவனம் நம் உள்ளத்தில் இல்லை, நமக்கு இடையே இருக்கிறது. மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே இருக்கவேண்டிய பொது உலகம் வாடி உதிரும்போது அங்கே பரவுவதே பாலைவனம். அது என் மனநோய் என்று எண்ணிக்கொள்கிறவன், அந்நோய்க்கு மருந்து தேடி, பாலைவனத்தில் சௌகரியமாக வாழப் பழகிக்கொள்கிறான். பழகிய பின் மாற்றவேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு எழாது. கொடுங்கோல் இயக்கங்கள் அந்த வெளியில் எழும் மணற்புயல்கள். நட்பும் காதலும் கலையும் சோலைகள். ஆனால் பாலைவனத்துக்கு அஞ்சிச் சோலைக்குள் ஓடிப்போகிறவன், தன்னோடு மணலையும் கொண்டுபோய் அச்சோலையையும் கெடுத்துவிடுகிறான்.

சற்று முன் உங்களை ஒரு பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன கருத்தை இப்பொழுது எடுத்துக்கொள்ளுங்கள். பாலை என்பது நல்ல நிலங்கள் கெட்டு அடையும் நிலை என்றார் இளங்கோ. மனிதர்களுக்கு இடையே உள்ள நிலம் கெட்டு அடையும் நிலை என்கிறார் ஆரென்ட். ஒருவர் கோடையைக் காரணம் காட்டினார். மற்றவர் நம்மைக் காரணம் காட்டுகிறார். என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: நவீன இலக்கியம் தன் குறியீட்டைத் தவறான இடத்தில் நட்டது. நரியும் நத்தையும் இடையனும் முன்னோரும் குடியிருந்த சஹாராவை வெறுமை என்றது. அடுத்த வீட்டுக்காரனின் பெயர் தெரியாத மாநகரத்தை நாகரிகம் என்றது. எலியட் போன்ற சிலர் இதனை மறுத்துச் சொன்னார்கள். சொன்னவர்களும் உவமைக்கு மணலையே இரவல் வாங்கினார்கள்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். காம்யுவையும் நீட்சேயையும் படியுங்கள், விடவேண்டாம். அவர்களோடு முனீஃபையும் அல்-கூனியையும் கனஃபானியையும் படியுங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு மொழியைப் பல நூற்றாண்டுகளாகக் கற்றுவந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அரபு எழுத்திலேயே தமிழை எழுதிய மரபு அவர்களுடையது. ஐரோப்பிய மொழிகளைச் சுற்றிக்கொண்டு வராமல், மூலத்திலிருந்து நேராக இந்நாவல்களைத் தமிழாக்கும் தகுதி அவர்களுக்கு இருக்கிறது. அப்படிப்பட்டவர் ஒருவரையேனும் இம்மன்றம் தேடிப் பிடித்து, ஆதரித்து, ஒரு நூலையேனும் வெளியிடவேண்டும். அல்-கூனியின் நாவலிலிருந்து தொடங்கலாம். அது அளவில் சிறியது, செலவு அதிகமாகாது. தலைவர் அவர்கள் இதனைச் செயற்குழுவின் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.